வலது மூக்கில் மட்டும் எட்டு மாதமாக அடைப்பு: சதை எடுத்துப் பார்க்கலாமா, கூடாதா?

#1 | வலப்பக்கம்

அப்பாவுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். வயது 58. எட்டு மாதமாக அவருக்கு வலது மூக்கு மட்டும் அடைத்திருக்கிறது. இடது பக்கத்தில் காற்று தாராளமாகப் போகிறது. முதலில் சளி என்றோம். பிறகு தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். மூன்று முறை ஆண்டிபயாடிக், இரண்டு வகை ஸ்பிரே, எதற்கும் அசையவில்லை. காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று விழும். "உடம்புச் சூடு" என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டு கைக்குட்டையை மடித்து வைத்துவிடுவார். துவைக்கும்போது அம்மா பார்த்ததால்தான் எங்களுக்கே தெரிந்தது.

சி.டி. ஸ்கேன் அறிக்கையில் இருப்பது இது: வலது கன்னச் சைனஸும் (கன்ன எலும்புக்குள் உள்ள வெற்று அறை) எத்மாய்டு சைனஸும் (மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ளது) மென்திசுவால் நிறைந்துள்ளன; மூக்கின் பக்கச் சுவர் எலும்பு மெலிந்துள்ளது; ஓரிடத்தில் எலும்பு தடித்துள்ளது. எம்.ஆர்.ஐ. எடுத்து வாருங்கள், அதன் பிறகு சதை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்கிறார் மருத்துவர். "கத்தி பட்டால் பரவிவிடும், தொடாதே" என்று பெரியப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். வீட்டில் இரண்டு கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 | நம்பிக்கை

பெரியப்பா சொல்வதில் தவறில்லை. என் தாய்மாமா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். மூக்கில் சதை எடுத்தார்கள். மூன்றே மாதத்தில் கன்னம் வீங்கி, கண் பிதுங்கி, படுத்துவிட்டார். சும்மா கிடந்ததைக் கிளறிவிட்டார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கொஞ்ச நாள் ஆவி பிடித்துப் பாருங்கள்.

#3 | எண்டோஸ்கோப்

நான் காது மூக்கு தொண்டை அறுவை சிகிச்சை செய்பவன். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் பதிவில் என் கண்ணில் முதலில் பட்டது "மட்டும்" என்ற சொல். சளி, ஒவ்வாமை, சாதாரண மூக்குச் சதை எல்லாம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரே பக்கத்தில் அடைப்பு, அதே பக்கத்தில் இரத்தக் கசிவு, மருந்துக்கு மசியவில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேமராக் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இதனால் புற்றுதான் என்று ஆகிவிடாது. ஒரு பக்கப் பூஞ்சைக் கட்டி, பல் வேரிலிருந்து ஏறிய சீழ், கன்னச் சைனஸில் முளைத்துப் பின்தொண்டைவரை தொங்கும் ஒற்றைச் சதை எனப் பலவும் இதே வேஷம் போடும். மூக்கு, சைனஸ் புற்றுகள் அபூர்வம். தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுகளிலேயே நூற்றுக்கு 3 முதல் 5தான். அபூர்வம் என்பதாலேயே எல்லோரும் கடைசியில்தான் அதை நினைக்கிறார்கள். எட்டு மாதம் ஸ்பிரேயில் போவது இப்படித்தான்.

ஆவி பிடித்தால் சளி இளகும். எலும்பை மெலிய வைத்த ஒன்று ஆவிக்கு இளகாது.

இனி கத்தி விஷயம். மூக்குக் கட்டியில் சதை எடுப்பதால் புற்று பரவிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நண்பர் 'நம்பிக்கை'யின் தாய்மாமாவுக்கு நடந்தது துயரமானது. ஆனால் சைனஸ் என்பது வெற்று அறை. கட்டி அந்த அறையை நிரப்பி முடிக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. அறிகுறி தெரிந்து, பயந்து, ஒருவழியாகச் சதை எடுக்க வரும்போது அது பெரும்பாலும் சுவரை உடைத்திருக்கும். பிறகு நடப்பதற்கெல்லாம் கடைசியாக வந்த கத்தி பழியேற்கிறது.

#4 | நம்பிக்கை

அப்படியானால் முதல் நாளே எடுத்திருக்கலாமே? ஏன் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு வா என்கிறார்கள்? ஆபத்து இருப்பதால்தானே?

#5 | எண்டோஸ்கோப்

நல்ல கேள்வி. ஆபத்து உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் ஆபத்து வேறு.

பதின்பருவப் பையன்களுக்கு மூக்கின் பின்பகுதியில் ஆஞ்சியோஃபைப்ரோமா என்றொரு கட்டி வரும். புற்று கிடையாது. ஆனால் முழுக்க முழுக்க இரத்தக் குழாய். அடிக்கடி மூக்கில் இரத்தம் கொட்டுகிறது என்று வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு, படம் பார்க்காமல் புறநோயாளி நாற்காலியில் வைத்தே சதையைக் கிள்ளினால் இரத்தத்தை நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதற்கு சதைப் பரிசோதனையே வேண்டியதில்லை, படமே சொல்லிவிடும். அறுவைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு அதற்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்துவிட்டுத்தான் கை வைப்போம்.

இன்னொன்று, மூக்கின் கூரையிலிருந்து தொங்குவது. பார்ப்பதற்குச் சதை போலவே இருக்கும். ஆனால் அது எலும்பு விரிசல் வழியாக இறங்கிய மூளை உறையாக இருக்கலாம். அதைக் கிள்ளினால் மூளைத் தண்டுவட நீர் ஒழுகும், கிருமி மேலே ஏறும். அதனால்தான் முதலில் படம், பிறகு சதை. உங்கள் மருத்துவர் சொன்ன வரிசை சரி.

#6 | படம்பார்ப்பவள்

ஸ்கேன் அறிக்கை எழுதுவது என் தொழில். "இரண்டு ஸ்கேனா, பணம் பிடுங்குகிறார்கள்" என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

சி.டி.யில் எலும்பு துல்லியமாகத் தெரியும். ஆனால் சைனஸ் நிறைந்திருந்தால் அதற்குள் கட்டி எவ்வளவு, கட்டி வழியை அடைத்ததால் தேங்கிய சளி எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படத்தில் தேங்கிய நீர் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும், கட்டி மங்கலாக நிற்கும். சி.டி.யில் சைனஸ் முழுக்கக் கட்டி போலத் தெரிந்து, எம்.ஆர்.ஐ.யில் முக்கால் பங்கு வெறும் சளி என்று தெரியவந்த நோயாளிகள் எத்தனையோ பேர். கண்குழிக் கொழுப்புக்குள் நுழைந்திருக்கிறதா, மூளை உறையைத் தொட்டிருக்கிறதா, நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்திருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும். வெட்டுவதற்கு முன் எல்லையை வரைவது அந்தப் படம்தான்.

உங்கள் அறிக்கையில் "ஓரிடத்தில் எலும்பு தடித்துள்ளது" என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள். இன்வெர்டெட் பாப்பிலோமா என்ற கட்டி எந்த இடத்தில் வேர்விட்டிருக்கிறதோ அங்கே எலும்பு கூம்பாகத் தடிப்பது வழக்கம். எம்.ஆர்.ஐ.யில் அதன் உள்ளமைப்பு மூளையின் மடிப்புகளைப் போல வரிவரியாகத் தெரியும். ஒரே ஒரு வரியை வைத்து ஜோசியம் சொல்லவில்லை, கேளுங்கள் என்கிறேன்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். டிஷ்யூ காகிதத்தின் நுனியைத் திரித்து, அப்பா கண்ணை மூடியிருக்கும்போது இரண்டு கன்னத்தையும், மேலுதட்டின் இரு பக்கத்தையும் மாறிமாறி மெல்லத் தொடுங்கள். வலது பக்கம் மரத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணுக்குக் கீழே எலும்பு வழியாக வரும் நரம்பைக் கட்டி அழுத்தினால் அப்படி ஆகும். மேல் கடைவாய்ப் பல் காரணமில்லாமல் ஆடுவது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது, பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிவது, கழுத்தில் நெறி கட்டுவது எல்லாமே இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை.

#7 | மரத்தூள்

முப்பது வருடம் இழைப்புளி பிடித்தவன். இந்த இழையில் இதை யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்?

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. 1960களில் அந்தப் பகுதியின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள், எத்மாய்டு சைனஸில் அடினோகார்சினோமா என்ற அபூர்வப் புற்றோடு வருபவர்கள் திரும்பத் திரும்ப நாற்காலிப் பட்டறை ஆட்களாகவே இருப்பதைக் கவனித்தார்கள். மேக்பெத், ஹேட்ஃபீல்டு என்ற அந்த மருத்துவர்களோடு ஏக்கிசன் என்ற ஆய்வாளர் சேர்ந்து கணக்கெடுத்தார். 1968இல் அது வெளியானது. பிறகு தோல் செருப்புத் தொழிலிலும் இதே கதை தெரிந்தது. நிக்கல் சுத்திகரிப்பில் வேலை செய்தவர்களுக்கும் உண்டு. மரத்தூள் மனிதனுக்குப் புற்று உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்று ஆய்வு முகமை 1995இல் முதல் பட்டியலில் சேர்த்தது.

தூசி போன பிறகு பல பத்தாண்டுகள் கழித்து வருவதால் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. ஓய்வு பெற்ற தச்சனிடம் "இப்போது என்ன வேலை" என்று கேட்டால் "சும்மா இருக்கிறேன்" என்பான், மருத்துவரும் அதையே எழுதிக்கொள்வார். நான் ஒவ்வொரு முறையும் "தச்சு வேலை, முப்பது வருடம், பெரும்பாலும் கடின மரம்" என்று நானே சொல்லி எழுதவைக்கிறேன். முகக்கவசம் போட ஆரம்பித்தது கடைசி ஐந்து வருடத்தில்தான். அது என் முட்டாள்தனம்.

#8 | வலப்பக்கம்

அப்பா கணக்கெழுதும் வேலையில் இருந்தவர். தாள் தூசியைத் தவிர வேறில்லை. காகித நுனியால் தொட்டுப் பார்த்தோம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறது என்றார். நாளை எம்.ஆர்.ஐ. பெரியப்பாவுக்கு #3, #5 இரண்டையும் படித்துக் காட்டினேன். "சரி, படம் மட்டும் எடு" என்று பாதி இறங்கியிருக்கிறார்.

#9 | திசுக்கூடம்

சதை வந்து சேரும் இடத்தில் இருப்பவன் நான். "இத்தனை நாளா?" என்று எல்லோரும் ஆய்வகத்தைத்தான் திட்டுகிறார்கள், ஆகவே என் பங்குக்கு.

மூக்கும் சைனஸும் சின்ன இடம். அங்கே வரும் கட்டி வகைகளோ பெரும் கூட்டம். செதிள் உயிரணுப் புற்று அதிகம் வருவது, அதுவும் கன்னச் சைனஸில். அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். சிக்கல் தருபவை சின்னச் சின்ன உருண்டை உயிரணுக்களாக, மை தெளித்தது போல நீலமாக நிற்பவை. நுகர்வு நரம்பிலிருந்து எழும் கட்டி, நிணநீர்ப் புற்று, நிறமி இழந்த மெலனோமா, சார்கோமா, எந்த இனம் என்றே பிடிபடாத வேறுபாடற்ற புற்று எல்லாம் சாதாரணச் சாயத்தில் ஏறத்தாழ ஒரே முகம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எதிர்ப்புரதச் சாயம் ஏற்றி, இது ஒட்டுகிறதா, அது ஒட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். அதற்குத்தான் நாள்.

அந்த நாள்களை ஏன் பொறுக்க வேண்டும் என்றால், பெயர் மாறினால் சிகிச்சையே தலைகீழாகிவிடும். மூக்கில் வரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுக்குக் கதிர்வீச்சும் மருந்தும்தான் சிகிச்சை, அதை வெட்டி எடுத்துப் பயனில்லை. வேறுபாடற்ற புற்றுக்கு முதலில் கீமோ கொடுத்து அது எப்படி அடங்குகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யும் போக்கு இப்போது இருக்கிறது. மெலனோமாவுக்கு அறுவை முதலில். பெயர் தவறினால் ஒரு மனிதரின் முகத்தைக் காரணமில்லாமல் அறுத்துவிடுவோம்.

எடுத்த இடமும் முக்கியம். கட்டியின் முன்னால் வெறும் வீங்கிய சதை திரை போலத் தொங்கும். அதில் ஒரு துணுக்கை எடுத்து அனுப்பினால் "சாதாரணச் சதை" என்றுதான் நான் எழுத முடியும். அறிக்கையும் படமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால், ஆழத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அபூர்வப் பெயர் ஏதாவது வந்தால் சதைத் துணுக்கு ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளை வாங்கி, இந்த வகைக் கட்டிகளை அதிகம் பார்த்த இன்னொருவரிடம் காட்டுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நானே பலமுறை அனுப்பியிருக்கிறேன்.

#10 | மேலண்ணம்

கன்னச் சைனஸில் செதிள் உயிரணுப் புற்று வந்து, மேல்தாடை எலும்பின் ஒரு பகுதியை எடுத்தவன். ஏழு வருடம் ஆகிறது.

என் கதையில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. முதலில் போன இடத்தில் "சதை வளர்ந்திருக்கிறது" என்று எடுத்துவிட்டுத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். ஆய்வகத்துக்கு அனுப்பவே இல்லை. ஐந்து மாதம் கழித்து மேல் பல் ஆடியபோதுதான் வேறிடம் போனேன். ஒரு பக்கத்தில் மட்டும் எடுத்த சதை எதுவானாலும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அறுவைக்குக் கையெழுத்துப் போடும்போதே கேளுங்கள்.

அண்ணத்தில் ஓட்டை விழுந்தால் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வரும், பேச்சு முழுக்க மூக்கால் வரும். எனக்கு அச்செடுத்து ஒரு தட்டு செய்து கொடுத்தார்கள், செயற்கைப் பல் செட் போல. அதை மாட்டினால் பேச்சு திரும்பிவிடுகிறது. இரவில் கழற்றிக் கழுவி நீரில் போட்டு வைக்கிறேன். முதல் மாதம் கண்ணாடி முன் நின்று, டார்ச்சை வாய்க்குள் அடித்து, அந்தக் குழியைப் பார்க்கத் துணிவில்லாமல் மனைவியைத்தான் பார்க்கச் சொன்னேன். இப்போது செருப்பு மாட்டுவது போல மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். சிலருக்குத் தட்டுக்குப் பதிலாகக் காலிலிருந்து எலும்பும் சதையும் எடுத்து அடைக்கிறார்கள்.

அதன் பிறகு 33 நாள் "கரண்ட்". வாரத்துக்கு ஐந்து நாள். முகத்துக்கு வலைமாதிரி ஒரு முகமூடி அச்செடுத்து, மேசையோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். ஆரம்பிக்கும் முன்பே பல் மருத்துவரிடம் அனுப்பி இரண்டு சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். எரிச்சலாக இருந்தது. கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம் என்று பின்னால்தான் புரிந்தது.

#11 | நம்பிக்கை

படிக்கவே வயிற்றைக் கலக்குகிறது. வெட்டாமல் கரண்ட் மட்டும் வைத்தால் போதாதா?

#12 | எண்டோஸ்கோப்

கரண்ட் என்று நாம் சொன்னாலும் அது மின்சாரம் இல்லை, கதிர். இந்தப் பகுதியில் கதிருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்று பாருங்கள்: பார்வை நரம்பு, விழி, மூளை, பிட்யூட்டரி சுரப்பி. கட்டியைக் கொல்லும் அளவை முழுதும் கொடுத்தால் அவர்கள் தாங்க மாட்டார்கள். அதனால் எடுக்க முடிந்த பெரும்பாலான திடக் கட்டிகளில் முதலில் அறுவை, மிச்சத்துக்குக் கதிர் என்பதே வழக்கம். சில நேரம் உடன் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. எடுக்கவே முடியாத நிலையில்தான் கதிரும் கீமோவும் மட்டும் என்று போவோம்.

எல்லோருக்கும் 'மேலண்ணம்' ஐயாவுக்குச் செய்தது போலத் தேவைப்படாது. 1960களில் முகத்தையும் மண்டையோட்டையும் சேர்த்துத் திறந்து செய்ததை இப்போது பல நேரங்களில் மூக்குத் துளை வழியாகவே கேமராவை வைத்துச் செய்கிறோம். முகத்தில் தழும்பு இல்லை. துண்டுதுண்டாக எடுப்பது பாவம் என்று முன்பு கருதினார்கள். கட்டியின் அடிவாரத்தைச் சுற்றிலும் நல்ல திசு வரும்வரை எடுத்து, ஓரங்களைப் பரிசோதனைக்கு அனுப்பினால் போதும் என்று பிறகு தெரிந்தது. மூளை உறையில் ஓட்டை விழுந்தால் மூக்கின் நடுச்சுவர்த் தோலை இரத்தக் குழாயோடு திருப்பிப் போட்டு மூடுகிறோம். கன்னத் தோல், முன்பக்க எலும்பு, அண்ணம் என்று வந்துவிட்டால் இன்னமும் வெளியிலிருந்து திறக்கத்தான் வேண்டும். கண்ணைச் சுற்றிய எலும்பு மட்டும் அரிக்கப்பட்டிருந்தால் கண்ணைக் காப்பாற்ற முயல்வோம். விழியை அசைக்கும் தசைக்குள் நுழைந்திருந்தால் அது கடினமாகிவிடும்.

1933இல் ஓங்கிரேன் என்ற சுவீடன் மருத்துவர் கண்ணின் உள்முனையிலிருந்து தாடைக் கோணத்துக்கு ஒரு கற்பனைக் கோடு போட்டார். கோட்டுக்கு முன்னும் கீழும் இருப்பவை பிழைக்கும், பின்னும் மேலும் இருப்பவை சிரமம் என்றார். இன்று எம்.ஆர்.ஐ. இருக்கிறது. ஆனாலும் ஒரு நோயாளியை முதன்முதலில் பார்க்கும்போது என் மனத்தில் அந்தக் கோடு தானாகவே விழுகிறது.

#13 | வலப்பக்கம் (மூன்று வாரம் கழித்து)

எம்.ஆர்.ஐ.யில் 'படம்பார்ப்பவள்' சகோதரி எழுதிய அதே மூளை மடிப்பு. பெரியப்பாவே கூட வந்தார். மயக்கம் கொடுத்துச் சதை எடுத்தார்கள். இன்வெர்டெட் பாப்பிலோமா. புற்று இல்லை! வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். இப்போது அப்பா "புற்று இல்லையே, ஒரு மூக்கு போதும், அறுவை வேண்டாம்" என்கிறார். விட்டுவிடலாமா?

#14 | மூன்றாம் முறை

விடாதீர்கள். இதே கட்டிக்கு மூன்று முறை அறுவை செய்துகொண்டவன் சொல்கிறேன். முதல் இரண்டு முறையும் தொங்கியதை எடுத்தார்கள், வேரை விட்டுவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அது திரும்பி வந்து கதவைத் தட்டியது. மூன்றாவது முறைதான் ஒட்டியிருந்த எலும்பை வைர முனைத் துரப்பணத்தால் தேய்த்து எடுத்தார்கள். ஆறு வருடமாகச் சுத்தம்.

#15 | எண்டோஸ்கோப்

அவர் சொல்வதே சரி. இந்தக் கட்டி பெயரளவில் சாது. ஆனால் எலும்பைத் தள்ளும், அரைகுறையாக எடுத்தால் திரும்பும். ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு பேருக்கு அதற்குள்ளேயோ பின்னாலோ செதிள் உயிரணுப் புற்று இருக்கும். நீங்கள் பரிசோதித்தது ஒரு துணுக்கு, மீதி இன்னும் உள்ளே இருக்கிறது. எடுத்தது முழுவதையும் ஆய்வகத்துக்கு அனுப்புவீர்களா, வேர் இருக்கும் எலும்பைத் தேய்ப்பீர்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

#16 | வலப்பக்கம் (இரண்டு மாதம் கழித்து)

அறுவை முடிந்தது. மூக்கு வழியாகவே. சி.டி.யில் எலும்பு தடித்திருந்த அதே இடத்தில்தான் வேர். முழுவதையும் பரிசோதித்ததில் ஓரிடத்தில் உயிரணுக்கள் சற்று உருமாறியிருக்கின்றன, புற்று இல்லை, ஓரங்கள் சுத்தம் என்று அறிக்கை. முதல் வருடம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா பார்க்க வேண்டும், பிறகு இடைவெளியைக் கூட்டலாம், ஆனால் பல வருடம் வர வேண்டும் என்றார்கள். வலது மூக்கில் காற்று போவது அப்பாவுக்கே வேடிக்கையாக இருக்கிறது, அடிக்கடி இடது பக்கத்தை விரலால் மூடிப் பார்க்கிறார். உள்ளே பொருக்கு கட்டி அடைப்பதுதான் இப்போது தொந்தரவு. இது எத்தனை நாள் இருக்கும்?

#17 | மூன்றாம் முறை

எனக்கு மூன்று மாதம் இருந்தது. பொருக்கைப் பிய்க்க விடாதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து, இளஞ்சூட்டில், பாட்டிலை மெதுவாக அழுத்திக் கழுவச் சொல்லுங்கள். தலையை முன்னால் குனிந்து, வாயைத் திறந்து வைத்தபடி கழுவினால் காதுக்குள் போகாது. குனியும்போது ஒரே பக்கத்தில் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக விழுந்து, தொண்டையில் உப்புக் கரித்தால் அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம், கழுவுவதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுத்த கேமரா நாளைக் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்று இரண்டாவது முறைக்குப் பிறகு போகாமல் விட்டேன்.